எலிக்ஸிர், க்ளோஜர், ஹாஸ்கெல், ஓகேமல்: எந்த மொழியின் தடையை உங்கள் டீம் தாண்டும்?

ஜாவாவிலும் பைத்தானிலும் வருடக்கணக்காக வேலை பார்த்தவர்கள் ஒரு கட்டத்தில் ஃபங்ஷனல் மொழி (மாறாத மதிப்புகளையும் ஃபங்ஷன்களையும் வைத்துப் புரோகிராமைக் கட்டும் மொழி) ஒன்றைத் தொட்டுப் பார்க்கிறார்கள். பிடித்துப் போகிறது. உடனே அடுத்த கேள்வி வருகிறது: இதை ஆபீஸ் வேலையில் பயன்படுத்தலாமா? புது சர்வீஸ் ஒன்று எழுதப் போகிறோம், எலிக்ஸிரில் எழுதட்டுமா, ஹாஸ்கெலில் எழுதட்டுமா என்று கேட்கும் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன். கேட்பவர்கள் பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து பேர் கொண்ட டீமில் இருக்கிறார்கள். மேனேஜரைச் சம்மதிக்க வைக்கும் பொறுப்பும் அவர்கள் தலையில்தான் இருக்கிறது.

நான்குமே தேறிய மொழிகள். பத்து வருடத்துக்கும் மேலாக உண்மையான வியாபாரத்தைச் சுமந்தவை. எது சிறந்தது என்ற விவாதத்தில் இறங்கினால் முடிவே வராது. ஒவ்வொரு மொழியும் பரவாமல் நின்றதற்கு ஒவ்வொரு காரணம் உண்டு. அந்தக் காரணம் உங்கள் டீமின் வாசலிலும் அப்படியே வந்து நிற்கும். அதைச் சமாளிக்க உங்களிடம் ஆளும் நேரமும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

## நல்ல மொழி ஏன் பரவாமல் நிற்கிறது

ஹாஸ்கெலை வடிவமைத்தவர்களில் ஒருவரான பிலிப் வாட்லர், ஃபங்ஷனல் மொழிகளை ஏன் யாரும் பயன்படுத்துவதில்லை என்று 1998-ல் ஒரு கட்டுரை எழுதினார். மற்ற மொழிக் கோடோடு ஒட்டாமை, லைப்ரரி பற்றாக்குறை, நிறுவுவதில் சிரமம், டீபக்கர், புரொஃபைலர் போன்ற கருவிகள் இல்லாமை, கற்றுக்கொள்ள ஆகும் காலம், பிரபலமாக இல்லை என்பதாலேயே வரும் தயக்கம் என்று காரணங்களை அடுக்கினார். வேகம் போதவில்லை என்ற வழக்கமான புகாரை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2013-ல் லியோ மேயரோவிச், ஏரியல் ராப்கின் இருவரும் ஓப்பன் சோர்ஸ் தளமான சோர்ஸ்ஃபோர்ஜிலிருந்த 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ப்ராஜெக்டுகளையும் ஆயிரக்கணக்கான புரோகிராமர்களின் பதில்களையும் வைத்து ஆராய்ந்தபோதும் இதே பக்கம்தான் கை காட்டினார்கள். லைப்ரரி, ஏற்கெனவே எழுதிய கோடு, டீமின் முன் அனுபவம் இவைதான் மொழியைத் தீர்மானிக்கின்றன. மொழியின் உள் அழகுக்கு அதற்குப் பிறகுதான் இடம்.

ரெடிட் 2005-ல் காமன் லிஸ்பில் எழுதப்பட்டுத் தொடங்கியது. அந்த வருட டிசம்பரிலேயே பைத்தானுக்கு மாறிவிட்டது. நன்றாகப் புழங்கித் தேறிய லைப்ரரிகள் லிஸ்பில் போதவில்லை என்பது அவர்கள் சொன்ன முக்கியக் காரணம்.

எரிக்சன் கதை இன்னும் கூர்மையானது. 1980-களின் நடுவில் ஸ்வீடனில் அந்தக் கம்பெனியின் ஆய்வகத்தில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் ஆகியோர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளை மனதில் வைத்து எர்லாங்கை உருவாக்கினார்கள். ஏஎக்ஸ்டி301 என்ற ஸ்விட்சில் 10 லட்சம் வரிக்கு மேல் எர்லாங் கோடு ஓடியது. அப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1998-ல், எரிக்சனின் ரேடியோ பிரிவு புதிய தயாரிப்புகளில் எர்லாங்கைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டது. சொந்தமாக ஒரு மொழியை வளர்க்கும் சுமை நமக்கெதற்கு, ஊரெல்லாம் புழங்குவதையே நாமும் எடுத்துக்கொள்வோம் என்ற எண்ணம். அந்த டிசம்பரில் எர்லாங் ஓப்பன் சோர்ஸ் ஆனது. அதை உருவாக்கிய குழுவில் பெரும்பாலோர் வேலையை விட்டுவிட்டு ப்ளூடெய்ல் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். ஒரு மொழிக்குப் பிறந்த வீட்டிலேயே தடை. அதுவும் தொழில்நுட்பக் குறை எதையும் காட்டாமல். உங்கள் மேனேஜர் ‘இது நமக்கெதற்கு’ என்று கேட்டால் அவரும் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார். புதுசைக் கண்டு பயப்படுகிறார் என்று ஒதுக்காமல், பதிலோடு போங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

இரண்டாவது ஆள். மொழியைக் கொண்டுவந்தவர் வேலையை விட்டால் கோடு யார் கையில் இருக்கும்? நம் ஐடி கம்பெனிகளில் நோட்டீஸ் பீரியட் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று மாதம். அதற்குள் இன்னொருவர் அந்த மொழியில் பிழை திருத்தி ரிலீஸ் செய்யும் அளவுக்குத் தேற முடியுமா? மற்ற நான்கு அளவுகோல்களையும்விட இதற்குத்தான் நான் அதிக எடை தருவேன்.

லைப்ரரி. அமேசானின் க்ளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் தானே வெளியிடும் எஸ்டிகே (அந்தச் சேவையைக் கோடிலிருந்து கூப்பிடும் லைப்ரரி) பட்டியலில் இந்த நான்கு மொழிகளில் ஒன்றுகூடக் கிடையாது. பேமென்ட் கேட்வே, எஸ்எம்எஸ் சேவை, பிடிஎஃப் உருவாக்கம் என்று உங்கள் சர்வீஸ் தொடும் வெளி விஷயங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் லைப்ரரி இருக்கிறதா, கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று குறித்துப் பாருங்கள். காலியாக நிற்கும் வரிகள் எல்லாம் நீங்கள் எழுதிப் பராமரிக்கப்போகும் கோடு.

முதல் இரண்டு வாரம். நிறுவுதல், எடிட்டர், எரர் மெசேஜ். புதிதாக வருபவர் எங்கே தடுக்கி விழுகிறார்?

ராத்திரி இரண்டு மணி. ப்ரொடக்ஷனில் சர்வீஸ் திணறும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடிகிறதா?

திரும்பும் வழி. ஒரு வருடம் கழித்து வேண்டாம் என்று முடிவெடுத்தால், துண்டு துண்டாகப் பழைய மொழிக்குத் திரும்பலாமா, மொத்தமாகத் திருப்பி எழுத வேண்டுமா?

## எலிக்ஸிர்

ரூபி ஆன் ரெயில்ஸ் மையக் குழுவில் இருந்த பிரேசில்காரர் ஜோசே வாலிம் தொடங்கியது, 1.0 பதிப்பு 2014 செப்டம்பரில் வந்தது. எழுத்து ரூபி சாயலில் இருக்கும். அடியில் ஓடுவது எர்லாங் கோடை ஓட்டும் பீம் என்ற விர்ச்சுவல் மெஷின். ஆகவே மொழி இளையதானாலும் அஸ்திவாரம் டெலிபோன் நெட்வொர்க்கில் அடிபட்டுத் தேறியது.

இரண்டாவது ஆள் விஷயத்தில் நான்கில் இதுதான் கொஞ்சம் சுலபம். ரூபியோ பைத்தானோ தெரிந்தவர் முதல் நாளே கோடைப் படித்துவிடுவார். சில வாரத்தில் சின்னப் பிழைகளைத் திருத்துவார். ப்ராசஸ் (பீமுக்குள் தனித்தனியாக ஓடும் சின்ன வேலை), சூப்பர்வைசர் (விழுந்த ப்ராசஸை மீண்டும் எழுப்புவது) என்று யோசிக்கும் பழக்கம் வர மாதங்கள் ஆகும். ஆனால் அதற்காக அவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. மிக்ஸ், ஹெக்ஸ் இரண்டும் பில்டையும் பேக்கேஜையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கின்றன. ஆவணங்கள் தெளிவாக இருக்கின்றன.

ராத்திரி இரண்டு மணிக்கு இதற்கு நிகராக வேறு எதையும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சர்வீஸ் திணறுகிறது, லாகில் ஒன்றுமில்லை என்று வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் அதே நோடுக்குள் ரிமோட் ஷெல் போட்டு நுழையலாம். உள்ளே இருக்கும் ப்ராசஸ்களை மெசேஜ் க்யூ நீளத்தின்படி வரிசைப்படுத்தினால், எல்லாவற்றுக்கும் பூஜ்யம், ஒன்றுக்கு மட்டும் 80,000 என்று வந்து நிற்கும். பெயரைப் பார்த்தால் கேஷை வைத்திருக்கும் ப்ராசஸ். எல்லா ரிக்வெஸ்டும் அந்த ஒற்றை வாசல் வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. அதை மட்டும் கொன்றால் சூப்பர்வைசர் உடனே புதிதாக ஒன்றை எழுப்பிவிடும். மற்றவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். காரணம் கையோடு கிடைத்துவிடுகிறது, காலையில் உட்கார்ந்து சரிசெய்யலாம்.

மறைந்திருக்கும் செலவும் அங்கேதான். புதிதாக வருபவர்கள் ப்ராசஸ் மேல் ஆசைப்பட்டு எல்லாவற்றையும் ஜென்சர்வராக, அதாவது மெசேஜ் வாங்கிப் பதில் சொல்லும் தனி ப்ராசஸாக, எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொரு ஜென்சர்வரும் ஒரு நேரத்தில் ஒரு மெசேஜைத்தான் எடுக்கும். நெரிசல் உருவாவது அப்படித்தான். ப்ராசஸுக்குள் வைத்த தரவு அடுத்த டிப்ளாயில் காணாமல் போகும் என்பதும் முதல் முறை நடந்த பிறகே பலருக்கு உறைக்கிறது. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் ஓட்டினால், செத்ததை எழுப்புவது, நோடுகளை இணைப்பது போன்ற வேலைகளை இரண்டு அமைப்புகளும் தங்கள் தங்கள் வழியில் செய்யப் பார்க்கும். யார் எதைச் செய்வது என்று நீங்கள் முடிவு கட்டியாக வேண்டும்.

கனமான கணக்கு பீமுக்கு ஒத்துவராது. டிஸ்கார்ட் தன் உறுப்பினர் பட்டியலை வரிசையாக வைத்திருக்கும் பகுதியை 2019 வாக்கில் ரஸ்டில் எழுதி எலிக்ஸிரோடு இணைத்தது. அப்படி வெளியிலிருந்து இணைக்கும் நேட்டிவ் கோடு வெடித்தால் மொத்த மெஷினும் விழும். எந்த உறுதிக்காக இந்த மொழியை எடுத்தோமோ அதுவே போய்விடும். டைப் சரிபார்ப்பு 2024-ல் 1.17 பதிப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பைலருக்குள் வருகிறது. வரவேற்க வேண்டிய மாற்றம், ஆனால் ஹாஸ்கெல் தரும் பாதுகாப்பை இதிலிருந்து இப்போது எதிர்பார்க்கக் கூடாது.

2014-ல் ஃபேஸ்புக் வாங்கியபோது வாட்ஸ்அப்பில் 45 கோடிப் பயனர்களுக்கு 32 இன்ஜினியர்கள் இருந்தார்கள் என்ற செய்தியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது எர்லாங்கின் பலத்தைக் காட்டும் உண்மையான உதாரணம். மீட்டிங்கில் சொல்லுங்கள். ஆனால் நம் டீமும் அப்படி ஆகிவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த 32 பேர் இந்த வேலையில் ஊறியவர்கள்.

சாட், நேரலை டிராக்கிங், நோட்டிஃபிகேஷன், களத்தில் இருக்கும் கருவிகளோடு பேசும் சர்வர் என்று ஆயிரக்கணக்கான இணைப்புகள் நீண்ட நேரம் திறந்திருக்கும் வேலையென்றால் எலிக்ஸிரை எடுக்கலாம். அட்மின் பேனலும் ரிப்போர்ட்டும் மட்டும்தான் வேலை என்றால் பைத்தானின் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோ போதும்.

## க்ளோஜர்

ரிச் ஹிக்கி 2007-ல் வெளியிட்டது. ஜாவாவை ஓட்டும் விர்ச்சுவல் மெஷினான ஜேவிஎம் மேல் ஓடுகிறது. அந்த ஒரு முடிவால் வாட்லர் அடுக்கிய தடைகளில் பாதி காணாமல் போனது. ஜாவாவுக்கு இருக்கும் எந்த எஸ்டிகேயையும் நேரடியாகக் கூப்பிடலாம். உங்கள் கம்பெனி ஏற்கெனவே ஜாவாவில் இருந்தால் டிப்ளாய் செய்பவருக்கு வித்தியாசமே தெரியாது. அவர் கையில் வருவது அதே ஜார் ஃபைல். ஜேவிஎம்முக்கான கண்காணிப்புக் கருவிகளும் அப்படியே வேலை செய்யும். திரும்பும் வழியும் இங்கேதான் அகலம்: ஒரு நேம்ஸ்பேஸை எடுத்து ஜாவா க்ளாஸாக மாற்றி எழுதிவிட்டு மற்றதை அப்படியே ஓடவிடலாம்.

முதல் தடை அடைப்புக்குறிகள். கேலி செய்வார்கள், பத்து நாளில் பழகிவிடும். இரண்டாவது தடை எரர் மெசேஜ். அது அவ்வளவு சீக்கிரம் பழகாது. ஒரு மேப்பில் இல்லாத கீயைக் கேட்டால் ‘நில்’ வரும், அதாவது ஒன்றுமில்லை என்ற மதிப்பு. அந்த நில் நாலு ஃபங்ஷன் தாண்டிப் போய் ஒரு ஜாவா எக்ஸெப்ஷனாக வெடிக்கும். ஸ்டாக் ட்ரேஸ் நெடுக க்ளோஜரின் உள் க்ளாஸ் பெயர்கள். உங்கள் ஃபைல் பெயர் நடுவில் எங்கோ ஒளிந்திருக்கும். எந்த மேப்பில் என்னென்ன கீ இருக்கும் என்பதைக் கோடு எங்குமே சொல்லாது. எழுதியவருக்குத் தெரியும், ஆறு மாதம் கழித்து வருபவருக்குத் தெரியாது. ஸ்பெக் அல்லது மாலி என்ற லைப்ரரியை வைத்து எல்லைகளில் தரவின் வடிவத்தை எழுதி வைப்பதைக் கட்டாயமாக்காத க்ளோஜர் டீமில் இரண்டாவது ஆள் உருவாகவே மாட்டார்.

எதிர்காலம் பற்றிக் கேட்டால்: பிரேசிலின் நூபேங்க் தன் வங்கியையே க்ளோஜரில் கட்டியது, 2020-ல் மொழியின் பின்னணியில் இருந்த காக்னிடெக்ட் கம்பெனியையே வாங்கிவிட்டது. பழைய கோடு புதிய பதிப்பில் உடைவது மிக அரிது. மொழி மெதுவாக நகர்கிறது, அது எனக்குப் பிடித்த குணம். சம்பளம் வேறு கதை. 2021, 2022 ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கணக்கெடுப்புகளில் அதிகச் சம்பளம் வாங்கும் மொழியாகப் பட்டியலின் உச்சியில் நின்றது க்ளோஜர். அனுபவசாலிகள்தான் இந்தப் பக்கம் வருகிறார்கள் என்பது அதில் தெரிகிறது. பிரெஷரை எடுத்துப் பழக்குவதாகத் திட்டமிருந்தால், பழக்குபவரின் நேரத்தையும் செலவில் சேருங்கள்.

## ஹாஸ்கெல்

1987-ல் போர்ட்லண்டில் நடந்த ஒரு மாநாட்டில், சிதறிக் கிடந்த ஆய்வு மொழிகளுக்குப் பதிலாகப் பொதுவாக ஒன்றை வடிவமைக்கலாம் என்று கூடிப் பேசியவர்களிடமிருந்து பிறந்தது. 1990-ல் முதல் வரையறை வந்தது. ஜாவாவுக்கு மூத்தது. இன்று மற்ற மொழிகளில் நாம் ரசிக்கும் பல வசதிகளுக்கு வேர் இங்கே இருக்கிறது. இந்த நான்கில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். அதனால்தான் இதன் தடைகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் வாரத்தில் புதியவர் சந்திப்பது எழுத்துச் சரங்கள். ஸ்ட்ரிங் என்று ஒன்று; டெக்ஸ்டில் இரண்டு வகை; பைட்ஸ்ட்ரிங்கில் இரண்டு வகை. ஒரு லைப்ரரி ஒன்றைக் கேட்கும், அடுத்தது இன்னொன்றைக் கேட்கும். வெறும் பெயரை டேட்டாபேஸிலிருந்து எடுத்துத் திரையில் காட்டுவதற்குள் இரண்டு முறை மாற்றியாக வேண்டும். ஹாஸ்கெலின் கடினமான கருத்து என்று பெயரெடுத்த மோனாட் புரியவில்லை என்று ஓடியவர்களைவிட இப்படிச் சின்னச் சின்ன உரசலில் சலித்துப்போனவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

ப்ரொடக்ஷனில் வேறொன்று காத்திருக்கிறது. ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஒரு கவுன்டரில் ஒன்று கூட்டும் கோடு எழுதுகிறீர்கள். ஹாஸ்கெல் தேவைப்படும்போதுதான் கணக்குப் போடும். கூட்டலை உடனே செய்யாது, ‘பிறகு கூட்ட வேண்டும்’ என்ற குறிப்பை மட்டும் வைத்துக்கொள்ளும். அந்த எண்ணை யாரும் படிக்காத வரை குறிப்புகள் மெமரியில் சேர்ந்துகொண்டே போகும். டெஸ்டில் தெரியாது. சில நாள் ஓடிய சர்வரில் மெமரி அளவு மெல்ல ஏறுவது தெரியும். தீர்வு ஒற்றை வரி மாற்றம்தான். கட்டாயமாக இப்போதே கணக்கிடு என்று சொல்ல வேண்டும். ஆனால் ஆயிரக்கணக்கான வரிகளில் எந்த வரி என்று கண்டுபிடிக்க, மெமரியை எது தின்கிறது என்று காட்டும் ஹீப் புரொஃபைலைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். அவர் டீமில் இருக்கிறாரா என்பதுதான் ராத்திரி இரண்டு மணிக் கேள்விக்கு ஹாஸ்கெலின் பதில்.

‘எந்த ஹாஸ்கெல்?’ என்பதும் தீராத கேள்வி. ஜிஹெச்சி கம்பைலரில் எக்ஸ்டென்ஷன்கள் நூற்றுக்கு மேல். டேட்டாபேஸைத் தொடுவது போன்ற பக்கவிளைவுகளைக் கையாள எம்டிஎல், பாலிசெமி, எஃபெக்ட்ஃபுல் என்று வெவ்வேறு பாணிகள். ஒரு கம்பெனியில் மூன்று வருடம் ஹாஸ்கெல் எழுதியவர் இன்னொரு கம்பெனியின் கோடைத் திறந்தால் அந்நியமாகத் தெரியலாம். எந்தெந்த எக்ஸ்டென்ஷன், எந்தப் பாணி என்று முதல் நாளே எழுதி வைத்துப் பூட்டிவிட்டால் இந்தச் செலவு பெருமளவு குறையும். இல்லையென்றால் டீமின் கெட்டிக்காரர் ஒவ்வொரு மாதமும் புதிதாக ஒன்றைக் கொண்டுவருவார். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்குவார்கள். புதிய கம்பைலர் பதிப்பு ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒன்று வருகிறது, லைப்ரரிகள் அதைத் துரத்திப் பிடிக்க நேரமெடுக்கும்.

இத்தனைக்கும் பிறகு ஏன் எடுக்க வேண்டும்? பழைய கோடைத் துணிச்சலாக மாற்றலாம் என்பதற்காக. ஆர்டரின் நிலைகளில் புதிதாக ஒன்றைச் சேர்த்தால், அதைக் கவனிக்க வேண்டிய ஒவ்வொரு இடத்தையும் கம்பைலர் விரல் வைத்துக் காட்டும். பணம், வரி, காப்பீடு மாதிரி விதிகள் குவிந்த இடத்தில் இதற்கு விலையே இல்லை. பெங்களூரின் ஜஸ்பே பணப் பரிமாற்றத்துக்கு ஹாஸ்கெலை நம்புகிறது. நம்ம யாத்ரி ஆட்டோ செயலியின் பின்னணிக் கோடு ஹாஸ்கெலில், ஓப்பன் சோர்ஸாகவே கிடக்கிறது. நிஜ உலக ஹாஸ்கெல் எப்படி இருக்கும் என்று பார்க்க நினைப்பவர்கள் அதைத் திறந்து படிக்கலாம். எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு: ஏபிஐ எஞ்சின் தரும் ஹசுரா இரண்டாம் பதிப்பு வரை தன் எஞ்சினை ஹாஸ்கெலில் எழுதிவிட்டு, மூன்றாம் பதிப்பை ரஸ்டில் எழுதியது.

ஆள் எடுப்பதில் ஹாஸ்கெலுக்கு ஒரு விசித்திரம். ஒரே ஒரு இடத்துக்கு ஆள் தேடினால், இந்த மொழியில் வேலை கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருக்கும் கெட்டிக்காரர்கள் வருவார்கள். ஆறு மாதத்தில் பத்துப் பேர் வேண்டும் என்றால் கிடைக்க மாட்டார்கள். வேகமாக வளரப்போகும் டீம் இதை மனதில் வைக்க வேண்டும்.

## ஓகேமல்

பிரான்சின் ஆய்வு நிறுவனமான இன்ரியாவில் 1996-ல் ஆப்ஜெக்டிவ் கேமல் என்ற பெயரோடு வந்தது. ஹாஸ்கெல் தரும் டைப் பாதுகாப்பில் பெரும்பகுதி இதிலும் கிடைக்கும், கணக்கை ஒத்திப்போடும் சிக்கல் இல்லாமல். எழுதிய வரிசையில் ஓடும். கம்பைல் மிக வேகம். ரஸ்டின் முதல் கம்பைலர் ஓகேமலில்தான் எழுதப்பட்டது. ஃபேஸ்புக்கின் ஃப்ளோ, இன்ஃபர் போன்ற கோடு ஆராயும் கருவிகளும் அப்படியே. ஒரு மொழியைப் படித்து, அலசி, இன்னொன்றாக மாற்றும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமானது குறைவு.

நெடுங்காலம் இதை முடக்கிய தடை ஒன்றுதான்: ஒரு ப்ராசஸில் ஒரே நேரத்தில் ஒரு கோரில் மட்டும் ஓடியது. 2022 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பு அதை உடைத்தது. அதில் சென்னைக்கும் பங்குண்டு. அந்த மல்ட்டிகோர் பணியை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான கே.சி. சிவராமகிருஷ்ணன் ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர். பழைய கோடு உடையாமல், வேகமும் குறையாமல், ஒரு மொழியின் குப்பை சேகரிப்பானையே (தேவையற்ற மெமரியை விடுவிக்கும் பகுதி) மாற்றுவது லேசான காரியமில்லை. ஐஐடி மெட்ராஸில் கணினி அறிவியல் படிக்கும் மாணவர்கள் ஓகேமலை வகுப்பிலேயே சந்திக்கிறார்கள் என்பதும் அதோடு சேர்ந்த நல்ல செய்தி.

மிச்சமிருக்கும் தடை சூழல். மொழியோடு வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரி ஒன்று, பங்கு வர்த்தக நிறுவனமான ஜேன் ஸ்ட்ரீட் வெளியிடும் கோர் என்ற லைப்ரரி இன்னொன்று. ஒரே நேரத்தில் பல வேலை செய்ய எல்டபிள்யூடி, அசிங்க், இப்போது ஐயோ. ஒன்றில் எழுதிய லைப்ரரி மற்றதோடு நேரடியாக ஒட்டாது. முதல் நாளே ஒரு கட்சியில் சேர வேண்டும். ஓகேமலின் பேக்கேஜ் மேனேஜரான ஓபம் விண்டோஸில் முறையாக ஓடத் தொடங்கியது 2024-ல் வந்த 2.2 பதிப்பிலிருந்துதான். டீமில் பாதிப் பேர் விண்டோஸ் லேப்டாப் வைத்திருந்தால் அதற்கு முந்தைய கையேடுகளை நம்பி இறங்க வேண்டாம். வெளி சேவைகளுக்கான லைப்ரரி நான்கில் இங்கேதான் குறைவு என்பது என் கணிப்பு. பல ஏபிஐகளுக்கு ஹெச்டிடிபி கூப்பாட்டை நீங்களே எழுதி, டிஜிட்டல் கையெழுத்துச் சரிபார்ப்பையும் நீங்களே செய்துகொள்ள வேண்டும்.

## இருக்கும் மொழியிலேயே இருப்பது

இதையும் ஒரு தேர்வாக எடை போட வேண்டும். பலருக்கு இதுதான் சரியான விடை. ஜாவாவில் ரெக்கார்ட், சீல்டு க்ளாஸ், பேட்டர்ன் மேட்சிங் எல்லாம் வந்துவிட்டன. 2023 செப்டம்பரில் வந்த ஜாவா 21 விர்ச்சுவல் த்ரெட்களையும் தந்தது. பைத்தான் 3.10-ல் மேட்ச் வந்தது. ஃபங்ஷனல் மொழியில் கற்றதை வைத்து இவற்றிலேயே சுத்தமாக எழுதலாம்.

இதற்கும் செலவு உண்டு. இவை எல்லாம் விருப்பப்பட்டால் கடைப்பிடிக்கும் ஒழுக்கம், கம்பைலர் கட்டாயப்படுத்தாது. ஒன்றுமில்லை என்று குறிக்கும் ‘நல்’ மதிப்பு அப்படியே இருக்கிறது. மாற்றக்கூடிய லிஸ்டை யாரோ எங்கோ மாற்றுவார்கள். ஒவ்வொரு கோட் ரிவ்யூவிலும் ஒருவர் இதைப் பிடித்துச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், அவர் சலித்துப்போகும் நாளில் எல்லாம் பழைய வழிக்குப் போய்விடும்.

## ஒரே பார்வையில்

| | எலிக்ஸிர் | க்ளோஜர் | ஹாஸ்கெல் | ஓகேமல் |
|---|---|---|---|---|
| இரண்டாவது ஆள் | சில வாரத்தில் தொடங்கலாம் | ஜாவா தெரிந்தவர் என்றால் சுலபம் | மாதங்கள் | ஹாஸ்கெலைவிடச் சீக்கிரம் |
| லைப்ரரி | வெப் பக்கம் நன்று | ஜாவாவினது எல்லாம் | நடுத்தரம் | குறைவு |
| முதல் இரண்டு வாரம் | இதம் | எரர் மெசேஜ் படுத்தும் | உரசல் அதிகம் | எந்த லைப்ரரிக் கட்சி என்ற குழப்பம் |
| ராத்திரி 2 மணி | மிக நன்று | ஜேவிஎம் கருவிகள் | நிபுணர் தேவை | எளிய நடை, கருவிகள் சுமார் |
| திரும்பும் வழி | சர்வீஸ் அளவில் | நேம்ஸ்பேஸ் அளவில் | திருப்பி எழுத வேண்டும் | திருப்பி எழுத வேண்டும் |

## யாருக்கு எது

ஜாவா கம்பெனியில் வேலை, மேனேஜர் சந்தேகப்படுபவர், தரவை எடுத்து உருமாற்றி அனுப்பும் வேலை என்றால் க்ளோஜர். பின்வாங்கும் செலவு மிகக் குறைவு என்பதால் அனுமதி வாங்குவதும் சுலபம்.

புது ஸ்டார்ட்அப், நேரலை இணைப்புகள், இரண்டு மூன்று பேர் என்றால் எலிக்ஸிர். தயங்காமல் சொல்வேன்.

விதிகள் சிக்கலானவை, தவறினால் பணம் போகும், டீம் சிறியது, அப்படியே இருக்கப் போகிறது, ஹாஸ்கெலை ப்ரொடக்ஷனில் ஓட்டிய ஒருவராவது உள்ளே இருக்கிறார் என்றால் ஹாஸ்கெல். அந்த ஒருவர் இல்லாமல், ஆசையை மட்டும் நம்பி இறங்கினால் மெமரி வரைபடத்தின் முன்னால் திகைத்து உட்கார்ந்திருப்பீர்கள். ஹாஸ்கெல் ஆசை இருக்கிறது, ஆள் இல்லை, எழுதப்போவது பார்சரோ விதி எஞ்சினோ என்றால் ஓகேமலைப் பாருங்கள். ஆசையில் பெரும்பகுதி நிறைவேறும், ராத்திரித் தூக்கமும் மிஞ்சும்.

வெளி சேவை எட்டுப் பத்தோடு ஒட்ட வேண்டும், பிரெஷர்கள் ஐந்து பேர் ஜூலையில் சேரப் போகிறார்கள் என்றால் இருக்கும் மொழியிலேயே இருங்கள்.

எதை எடுத்தாலும் முதல் சர்வீஸாக, விழுந்தால் கம்பெனி விழாத, ஆனால் யாராவது தினமும் பயன்படுத்தும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வெளி சேவைகள் தாமாக அனுப்பும் செய்திகளான வெப்ஹுக்குகளை வாங்கி, சரிபார்த்து, க்யூவில் போடும் சர்வீஸ் நல்ல தொடக்கம்: எல்லைகள் தெளிவு, கோடு சிறியது, திருப்பி எழுத வேண்டி வந்தாலும் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். முதல் ரிலீஸை நீங்கள் செய்யுங்கள். இரண்டாவது ரிலீஸை, நீங்கள் லீவில் இருக்கும் நாளில், இன்னொருவர் செய்யட்டும். அவரால் முடியவில்லை என்றால் எந்த இடத்தில் மாட்டினார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த சர்வீஸையும் அதே மொழியில் எழுதலாமா என்று மேனேஜர் கேட்கும்போது அந்தத் தாளையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.